மொச்சையின் இடது பின்சக்கரம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. போன பிப்ரவரியில் ஒரு காலை வெளியே வந்து பார்த்தால், என் காரைச் சுற்றிக் கிடந்த பனியை யாரோ அள்ளியிருந்தார்கள். அதிலிருந்து முளைத்தது.

நான் அள்ளவில்லை. அள்ளியிருந்தால் என் இடுப்பு அதை நாள் முழுக்க எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கும்.

"யாரோ நல்ல மனுஷன் உதவியிருக்கிறான், இதில் கதை எங்கே?" என்று மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நான் கடல் தாண்டி வந்து குடியேறிய இந்தப் பனி ஊரில் அவரவர் பனி அவரவருக்கு. அடுத்தவர் காருக்கு யாரும் சும்மா அள்ளிவிடுவதில்லை. அதைவிட முக்கியம், தன் பனியை அடுத்தவர் இடத்தில் யாரும் கொட்டுவதில்லை. கொட்டினால் சண்டைக்கு வரமாட்டார்கள். அன்றிலிருந்து உங்களுக்கு ரொம்ப மரியாதையாக வணக்கம் சொல்வார்கள். அந்த வணக்கத்தைத் தாங்கமுடியாமல் வீடு மாறிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

அன்று காலை இரண்டுமே நடந்திருந்தது. என் காரைச் சுற்றி அள்ளியிருந்தது. அள்ளிய பனி முழுவதும் பக்கத்துக் காரின் மேல் கிடந்தது. போதாக்குறைக்கு, அள்ளிய வேலையும் பாதியில் நின்றுபோயிருந்தது, என் கதைகளைப் போல.

2

தொடக்கம் ஒன்று: "வெள்ளைப் பட்டு உடுத்திய இவாகி மலையின் மடியில்—"

வேண்டாம். மலைக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பத்திரிகைக்காரர்களுக்கு மலை பிடிக்கும் என்று போட்டேன்.

தொடக்கம் இரண்டு: "கினுகோ தன் காரை நேசித்தாள்."

நேசித்தாளாம்! காலையில் அவள் அதைத் திட்டுவது என் ஜன்னல் வரைக்கும் கேட்கும். "எழுந்திருடி சோம்பேறி, உனக்கென்ன மகாராணின்னு நினைப்பா?" என்பாள். நேசம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்கிறீர்களா? சரி, இருக்கலாம். ஆனால் அந்த வாக்கியம் வேண்டாம்.

தொடக்கம் மூன்று: "சூட்டு மேசைக்கு அடியில் பாட்டரி தூங்கிக்கொண்டிருந்தது."

இது தேவலை. இதிலேயே போகலாம்.

சூட்டு மேசைக்கு அடியில் பாட்டரி தூங்கிக்கொண்டிருந்தது. மேசையைச் சுற்றித் தொங்கும் மெத்தைப் போர்வையைத் தூக்கி இசாவோ உள்ளே இருக்கும் கணப்புக்குக் காலை நீட்டினார். பாதம் பாட்டரியில் இடித்தது.

"இது இங்க படுத்திருந்தா என் காலை நான் எங்க வைக்கிறது?"

"எங்க வேணா வைங்க," என்றாள் கினுகோ. "அது காலைல வேலைக்குப் போகணும்."

"நானும்தான் வேலைக்குப் போகணும்."

"உங்களைக் கிளப்ப ஒயர் மாட்ட வேண்டியதில்லையே."

இசாவோவும் கினுகோவும் கணவன் மனைவி. எங்கள் இரண்டு மாடிக் குடியிருப்பில் எனக்கு நேர் கீழ்வீடு. இரண்டு பேருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. கினுகோ ஆப்பிள் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்கிறாள். இயந்திரப் பட்டையில் ஓடிவரும் பழத்தில் அடிபட்டதைக் கண்ணாலேயே பொறுக்கி எடுப்பவள். இசாவோவின் வேலையைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் அவரைத் தப்பாக எடைபோட்டுவிடுவீர்கள்.

அந்த பாட்டரி கினுகோவின் காருடையது. பச்சை நிறம், கைக்கு அடக்கமான உருவம். அவள் அதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் மொச்சை. அந்த மாதிரி வண்டியைச் செய்வதை நிறுத்தியே வெகு காலமாகிறது. குளிர்காலத்தில் அதற்கு நடக்கும் உபசாரம் புதுமாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. சாயங்காலம் வந்ததும், குளிரில் செத்துவிடாமலிருக்க பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவருவாள். கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்க வைப்பர் இரண்டையும் தூக்கி நிறுத்துவாள். கை பிரேக்கைத் தொடவே மாட்டாள், இழுத்தால் உறைந்து அப்படியே பிடித்துக்கொள்ளும். மூக்கின் மேல் ஒரு பழைய மெத்தை. ரோட்டில் தூவும் உப்பு அடிவயிற்றைத் தின்றுவிடும் என்று வெந்நீரில் அலசிவிடுவாள்.

எவ்வளவு அலசியும் உப்பு ஓரிடத்தில் ஜெயித்துவிட்டது. இடது பின்சக்கரத்துக்கு மேலே தகடு அரித்து ஓட்டை விழுந்திருந்தது. அதன் மேல் ஒரு டேப்பை ஒட்டிப் பச்சை பூசி வைத்திருந்தாள்.* விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போய்விடும். இரண்டு குளிர்காலத்துக்கு முன் இசாவோ அங்கே பனி அள்ளும் ஷவலை வைத்துக் குத்திவிட்டு வாங்கிய திட்டு தெருமுனை வரை கேட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம்: இடது பின்சக்கரத்துப் பனியைக் கையால்தான் எடுக்கவேண்டும். கையுறை போட்டு, மெதுவாக.

(* நகப்பூச்சு. மொச்சையின் நிறத்துக்குப் பொருந்தும் பச்சை கிடைக்க ஊரில் உள்ள எல்லாக் கடைகளிலும் ஏறி இறங்கினாள். ஒரு கடைப் பெண் "இந்த நிறம் உங்க கைக்கு எடுக்காதே" என்றாளாம். "கைக்கில்ல, பின்பக்கத்துக்கு" என்று கினுகோ சொல்ல, அந்தப் பெண் அவசரமாகப் பொட்டலம் கட்டிக்கொடுத்தாளாம்.)

3

இங்கே எனக்கு ஒரு சிக்கல். இசாவோவை எப்படி எழுதுவது?

முதல் பிரதியில் அவரை வில்லனாக்கினேன். அடர்ந்த புருவம், பல்லைக் கடிக்கும் பழக்கம். பொதுக் குளியலறையில் வெந்நீர்த் தொட்டிக்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, "உங்களை ஒரு கதையில போடறேன்" என்று மெதுவாகச் சொன்னேன். கழுத்துவரை நீரில் அமிழ்ந்திருந்தவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"ஒல்லியா எழுதுங்க," என்றார்.

இப்படிச் சொல்லும் மனிதரை எப்படி வில்லனாக்குவது?

சரி, வேலையைச் சொல்லிவிடுகிறேன். இசாவோ பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். ஊர் எழுவதற்குள் ரோட்டுப் பனியை எல்லாம் ஓரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். அப்படித் தள்ளும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடுப்பளவு வரப்பு ஒன்று விழுந்துவிடும். அதை வீட்டுக்காரர்கள் அள்ளவேண்டும். "ஊருக்கெல்லாம் வழி விடறவரு, சொந்த வாசல்ல சுவர் கட்டிட்டுப் போறாரு," என்று கினுகோ கொட்டகையில் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பாள் என்றுதான் எழுதுகிறேன்.

பந்தயம் புத்தாண்டன்று வந்தது. என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அரிசிக் கட்டி மிதந்த சூப்பை உறிஞ்சிவிட்டு இசாவோ ஆரம்பித்தார்.

"அதை வித்துடு. இல்ல, யார் வாங்குவா? பழைய இரும்புக்குப் போட்டுடு. என் வண்டி பெருசு, நாலு சக்கரமும் இழுக்கும். நானே கொண்டு விடறேன், நானே கூட்டிட்டு வர்றேன்."

"ஏன், நான் என்ன பார்சலா?"

"ரோட்டோரப் பள்ளத்துல சின்ன வண்டிங்க கவுந்து கிடக்கறதை நான் பாக்காத வாரமில்ல. மேல என் சீட்லேருந்து பாத்தா பனி மூடி எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கும். ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய்த் துடைச்சு என்ன நிறம்னு பாக்கறேன்."

கினுகோ அவர் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள். பிறகு சொன்னாள்: "உங்க வண்டில ஏறினா நான் பின்சீட்லதான் உக்காருவேன். டாக்சி மாதிரி."

"பந்தயம் வச்சுக்கலாமா?" என்றார் இசாவோ, முகம் சிவந்து. "இந்தக் குளிர்காலத்துல ஒரே ஒரு நாள், காலை மணி அடிக்கறதுக்குள்ள மொச்சையால உன்னைக் கிளப்பிட்டுப் போக முடியலேன்னா, வசந்தத்துல அது பழைய இரும்பு. கடைசிவரை ஓடிட்டா, அப்புறம் நான் அதைப் பத்தி வாயே திறக்கமாட்டேன்."

காலை மணி என்பது ஊர் ஒலிபெருக்கியில் வரும் மெட்டு. அது அடிக்கும்போது கினுகோ ரோட்டில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆப்பிள் பட்டை அவள் இல்லாமலேயே ஓடத் தொடங்கிவிடும்.

"சரி. ஆனா கள்ள ஆட்டம் ஆடினவங்க தோத்ததா அர்த்தம்," என்றாள். "வாத்தியாரே, நீங்கதான் நடுவர்."

அவள் என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவாள். எழுதுகிறவனுக்கு இங்கே அது மரியாதை. அவள் வாயில் அது கிண்டல்.

பிறகொரு நாள் மாடிப்படியில் அவளிடம் கேட்டேன், ஒரு காருக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று. வழக்கமாகச் சட்டென்று பதில் சொல்கிறவள் அன்று கைப்பையைப் படியில் இறக்கி வைத்தாள்.

"கொட்டகைல நான் இசாவோ பொண்டாட்டி. வீட்ல கேக்கவே வேண்டாம். மொச்சைல ஏறிக் கதவைச் சாத்திட்டா நான் யாருமில்ல, வாத்தியாரே. செவ்வாக்கிழமை வெந்நீர் ஊத்துக்குத் தனியா போறேன் பாருங்க, போற வழியெல்லாம் கத்திப் பாடுவேன். அதுக்குன்னு ஒருத்தரைக் கொண்டு விடச் சொல்ல முடியுமா?"

முடியாதுதான். பாடுவதற்காக என்னைக் கொண்டுபோய் விடு என்று எந்த மனைவியும் எந்தக் கணவனையும் கேட்டதில்லை.

(இந்த இடத்தில் ஒரு காட்சி சேர்த்திருந்தேன்: ஒரு செவ்வாய்க்கிழமை சிக்னலில் இசாவோவின் பெரிய வண்டி நிற்கிறது. பக்கத்தில் தாழ்வாக மொச்சை. மேலேயிருந்து எட்டிப் பார்த்தால், வீட்டில் ஒருநாளும் பாடாத மனைவி வாயை முழுக்கத் திறந்து பாடிக்கொண்டிருக்கிறாள். அவர் ஹாரன் அடிக்கவில்லை. இது நடந்ததா என்று எனக்குத் தெரியாது, நான் கட்டியது. அடித்துவிடலாம் என்று மூன்று முறை பேனாவை எடுத்தேன். மனசு வரவில்லை, இருக்கட்டும்.)

4

ஜனவரி முழுக்க மொச்சை ஒருநாள்கூடத் தவறவில்லை. பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் வானிலை அறிக்கை பயமுறுத்தியது. கினுகோ ஒரு பை ஆப்பிளோடு என் கதவைத் தட்டினாள்.

"வாத்தியாரே, இன்னிக்கு மட்டும் இடம் மாத்திக்கலாமா? என் இடம் கூரை விளிம்புக்குக் கீழ இருக்கு. பனி மொத்தமா சரிஞ்சு விழுந்தா மொச்சை அப்பளமாயிடும்."

"அப்போ என் கார்?"

"உங்களுதுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு. மொச்சைக்கு நான் மட்டும்தான் இருக்கேன்."

ஆப்பிளை வாங்கிக்கொண்டு சாவியை எடுத்தேன். என்னுடையதும் சின்னக் கார்தான், சாம்பல் நிறம். அவள் இடத்தில் அது, அதற்கடுத்த என் இடத்தில் மொச்சை. இசாவோ சீக்கிரமே தூங்கி நடுச்சாமத்தில் வேலைக்குப் போகிறவர். நாங்கள் இடம் மாற்றியபோது குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

இரவெல்லாம் கொட்டியது. விடிந்தபோது அத்தனை காரும் இட்லியாகிவிட்டிருந்தன.

கூரைப் பனி, சும்மா சொல்லிவைக்கிறேன், விழவே இல்லை.

5

இப்போது அந்தக் காலை.

(கைவிட்ட பத்தி: "இருளில் ஓர் உருவம். 'இன்றோடு ஒழிந்தாய், மொச்சை!' என்று அது கர்ஜி—" காரிடம் யார் வசனம் பேசுவார்கள்? கினுகோதான் பேசுவாள்.)

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். சாம்பல் நிறக் காரின் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சுத்தமாக அள்ளியிருந்தது. கத்தியால் வெட்டிய மாதிரி நேர்க்கோடு. தொழில் தெரிந்த கை. காரின் தலைமேலிருந்த பனியைத் தொடவில்லை. ஓட்டுநர் கதவில் மட்டும் கையகலத்துக்குத் துடைத்திருந்தது. அங்கே என் காரின் சாம்பல் நிறம் தெரிந்தது. அதோடு வேலை நின்றுவிட்டது.

பக்கத்தில் மொச்சை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குன்று. வானம் கொட்டியது பாதி, யாரோ கொட்டியது பாதி.

எனக்கு முதலில் வந்த எண்ணம், உங்களுக்கும் வந்திருக்கும், இசாவோதான். பந்தயத்தில் ஜெயிப்பதற்காக மனைவியின் காரைப் புதைத்துவிட்டார். ஒரு பக்கம் கோபம். இன்னொரு பக்கம், மறைக்காமல் சொல்கிறேன், கதைக்கு நல்ல வில்லன் கிடைத்தானே என்று ஒரு அல்ப சந்தோஷம்.

சந்தோஷம் குனிந்து பார்க்கும் வரைதான். என் காரின் இடது பின்சக்கரத்தைச் சுற்றி மட்டும் அந்த நேர்க்கோடு இல்லை. அங்கே ஷவலே படவில்லை. விரல் தடங்கள் இருந்தன. யாரோ மண்டியிட்டுக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருக்கிறார்கள். மண்டியிட்ட குழிகூட அப்படியே உறைந்திருந்தது.

என் காரின் இடது பின்பக்கத்தில் ஓட்டை எதுவும் கிடையாது.

நீங்களும் புரிந்துகொண்டிருப்பீர்கள். இசாவோ ரோட்டுப் பனியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறார்.* மனைவியின் இடத்தில் நின்ற இட்லியை மொச்சை என்று நினைத்து அள்ளியிருக்கிறார். பனியை என் இடத்தில் கொட்டியிருக்கிறார். ஊர் வழக்கத்துக்கு அது பெரிய குற்றம்தான், ஆனால் எழுத்தாளன் காலங்காத்தாலே எங்கே கிளம்பப் போகிறான் என்று தோன்றியிருக்கும். நியாயம்தான். கடைசியில் கதவைத் துடைத்து நிறத்தைப் பார்த்திருக்கிறார்.

அந்தக் கணத்தில் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எழுத மூன்று நாள் முயன்றேன். "அவர் முகம்—" "இசாவோவின் முகத்தில்—" வரவில்லை, விட்டுவிட்டேன்.

(* அவர் வண்டியில் உடன் போகும் மிகாமியிடம் பிறகு விசாரித்தேன். "ஒண்ணுக்குப் போறேன்னு இறங்கினாரு. ரொம்ப நேரம் போனாரு. ரோடு இன்னும் பாக்கி கிடக்குன்னு ஹாரன் அடிச்சேன். திரும்பி வந்தப்போ அழறவர் மாதிரி மூஞ்சி. சர்க்கரை இருக்கான்னு பாத்துக்கச் சொன்னேன்," என்றார்.)

6

கினுகோ பாட்டரியைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். குன்றைப் பார்த்தாள். என் காரைப் பார்த்தாள். பாட்டரியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு என் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பின்பக்கம் போனதும் ஒரு நிமிடம் நின்றாள். எனக்கு அவள் கோட்டின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. வேண்டிய நேரத்தில் முகம் தெரியாமல் போவதே எனக்கு வழக்கம்.

திரும்பியபோது சுவரோரம் சாய்த்திருந்த ஷவலை எடுத்துக்கொண்டாள். "வாத்தியாரே, வேடிக்கை பாக்கறீங்களா, கை குடுக்கறீங்களா?"

அள்ளினோம். கொட்டிய பனி இறுகிச் சிமெண்டாகியிருந்தது. வைப்பரின் நுனி தெரிந்த நேரத்தில் இசாவோ தெருமுனையிலிருந்து ஓடிவந்தார். வேலை முடிந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கையில் ஷவல்.

"மிச்சத்தையும் மூட வந்தீங்களா?" என்றாள் கினுகோ.

அவர் வாயைத் திறந்தார். என் காரைப் பார்த்தார், குன்றைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் அள்ளத் தொடங்கினார். அப்படி ஒரு மனிதர் அள்ளி நான் பார்த்ததில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் அவரவர் ஷவலோடு வெளியே வந்து, குன்றைப் பார்த்து, இசாவோவைப் பார்த்து, தங்கள் பனிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

அவர் பேசாததற்குக் காரணம் என்று அப்போது நான் நினைத்தது: வெட்கம். ஊர்ப் பனியை எல்லாம் தள்ளும் கை, சொந்த வீட்டுக் காரைத் தெரியாமல் வேறு காரை அள்ளியது என்றால், வண்டி நிற்கும் கொட்டடியில் ஓய்வு பெறும்வரை சிரிப்பார்கள்.

மொச்சையின் ஜன்னல் பாதி தெரிந்தபோது மணி அடித்துவிட்டது. ஒலிபெருக்கியில் அந்த மெட்டு முழுதாக ஓடி முடிந்தது.

கினுகோ ஷவலைக் கீழே விட்டாள். "போச்சு," என்றாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கையுறையைக் கழற்றி மொச்சையின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் நீர் வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

இசாவோவும் பார்த்தார்.

"நான்தான் மூடினேன்," என்றார்.

"என்ன?"

"நான்தான் மூடினேன். வேணும்னேதான். ஜெயிக்கணும்னு."

சத்தமாகவே சொன்னார், எல்லா ஷவலும் நிற்கும்படி. பிறகு என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை.

7

இங்கே நான் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குப் புரிய வேண்டும். மணி அடிக்கும்வரை வாயே திறக்காத மனிதர். மணி அடித்த பிறகு, தோற்றது மொச்சைதான் என்று ஆனபிறகு, இதைச் சொல்கிறார். அவர் உதவத்தான் வந்தார் என்றால், மொச்சை நேர்மையாகத் தோற்றுவிட்டது, பழைய இரும்பு. அவர் புதைத்தார் என்றால் அது கள்ள ஆட்டம். கள்ள ஆட்டம் ஆடினவர் தோற்றவர். மொச்சை பிழைக்கும்.

வெட்கமாவது மண்ணாங்கட்டியாவது. அவர் ஜெயித்த பந்தயத்தை வேண்டுமென்றே தோற்றுக்கொண்டிருந்தார், என் கண்ணெதிரே, அத்தனை பேர் காதில் விழ.

"வாத்தியாரே," என்றாள் கினுகோ என் பக்கம் திரும்பாமலே. "தீர்ப்பு சொல்லுங்க."

எனக்குப் பின்னால் என் காரின் இடது பின்சக்கரம் இருந்தது. இரண்டடி நகர்ந்து அதை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"கள்ள ஆட்டம்," என்றேன். "இசாவோ தோத்தாரு. இனி அந்த வண்டியப் பத்தி அவர் வாயைத் திறக்கக்கூடாது."

"கேட்டுச்சா?" என்றாள் அவரிடம்.

"கேட்டுச்சு."

"மோசடிக்காரரே, அந்தப் பக்கம் அள்ளுங்க. இடது பின்சக்கரம் ஜாக்கிரதை."

"தெரியும்," என்றார் இசாவோ, மண்டியிட்டார்.

பாட்டரியை மாட்டித் திருகியதும் மொச்சை முதல் திருகலிலேயே கிளம்பியது. பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் கிடையாது.

8

முடிவு. இதற்குத்தானே காத்திருக்கிறீர்கள்.

அன்றிலிருந்து எங்கள் குடியிருப்பில் இசாவோவுக்கு எல்லோரும் ரொம்ப மரியாதையாக வணக்கம் சொல்கிறார்கள். அவரும் குனிந்து வாங்கிக்கொள்கிறார். ஆப்பிள் கொட்டகையில் அவர் பெயர் இப்போது 'பெண்டாட்டி காரைப் புதைத்தவர்'. உண்மை எனக்குத் தெரியும். என் வாயைத் திறந்தால் அவர் பெயர் சுத்தமாகிவிடும், மொச்சை இரும்புக் கடைக்குப் போய்விடும். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். இந்த ஊரில் இதைப் படிக்க ஒருவராலும் முடியாது.

மிச்சமிருப்பது ஒரே கேள்வி. அன்று என் காரின் பின்னால் நின்ற அந்த ஒரு நிமிடத்தில் கினுகோ விரல் தடங்களைப் பார்த்தாளா?

முடிவு அ: பார்க்கவில்லை. கணவர் மோசடிக்காரர் என்றே கடைசிவரை நம்புகிறாள். (சோகம். ஆனால் அடிபட்ட ஆப்பிளை ஓடும் பட்டையில் கண்டுபிடிக்கிறவள் இதைப் பார்க்காமலா இருப்பாள்?)

முடிவு ஆ: பார்த்தாள், தெரிந்துகொண்டே அவரை மோசடிக்காரர் என்றாள். அன்று சாயங்காலம் நான் கீழ்வீட்டுக்குப் போனபோது பாட்டரி வாசலறையில், அவளுடைய கோட்டைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. சூட்டு மேசைக்கடியில் இசாவோவின் இரண்டு கால்களும் தாராளமாக நீட்டியிருந்தன. "பாட்டரிக்கு என்ன ஆச்சு?" என்றேன். "அதுக்கு வேர்க்குதாம்," என்றாள். (சாட்சியமாக இது போதுமா? போதாது என்று ஒரு வக்கீல்—)

கதவைத் தட்டுகிறார்கள். இருங்கள், வருகிறேன்.

கினுகோதான். கையில் ஆப்பிள் பை. வெளியே இந்த வருஷத்தின் பெரிய பனி ஆரம்பித்திருக்கிறது, நான் எழுதிக்கொண்டிருந்ததில் கவனிக்கவே இல்லை.

"என்ன எழுதறீங்க?"

"கதை."

"யாரைப் பத்தி?"

"ஒரு காரைப் பத்தி."

மேசையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். "ஜிலேபி சுத்தி வச்ச மாதிரி இருக்கு," என்று அவள் சொல்லவில்லை, அவளுக்கு ஜிலேபி தெரியாது. "புழு ஊர்ற மாதிரி இருக்கு," என்றாள். பிறகு, "கார் கிளம்புதா?"

"முதல் திருகல்லயே."

"அப்போ நல்ல கதைதான். வாத்தியாரே, இன்னிக்கு இடம் மாத்திக்கலாமா? கூரைல பனி தொங்குது."

சாவியை எடுத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, போகிறபோக்கில், வேறெதையோ பேசுவதுபோலச் சொன்னாள்:

"இந்தத் தடவை அவர்கிட்டயும் சொல்லிட்டேன். எந்த வண்டி எங்க நிக்குதுன்னு."

போய்விட்டாள். நான் ஆப்பிள் பையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். காரைப் புதைக்கிறவரிடம் கார் நிற்கும் இடத்தை யாராவது காட்டிக்கொடுப்பார்களா?

அவள் விஷயம் முடிந்தது. இப்போது எனக்குத் தெரியாதது இன்னொன்று: அதைக் கேட்ட இசாவோவுக்கு என்ன தோன்றியது? அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டதா? கேட்கலாம். கீழ்வீடுதான், பத்துப் படி. ஆனால் குறட்டைச் சத்தம் வருகிறது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, வேண்டுமென்றே விடுவதுபோல.

நாளைக் காலை வெளியே போய்ப் பார்த்தால் மொச்சையின் இடது பின்சக்கரத்தருகே—

இல்லை, இதற்குமேல் என் இடுப்பு தாங்காது. மிச்சத்தை நீங்களே அள்ளிக்கொள்ளுங்கள். ஷவல் வேண்டாம். கையுறை போட்டு, மெதுவாக.